பழைய வெப்ளி பிஸ்டலுக்கு மரப்பிடி, நிக்கல் பூச்சு, லேசான ட்ரிக்கர் – கீழக்கரை தம்பி கேட்ட சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி கீழக்கரையில இருந்து ஒரு தம்பி. வாப்பா வச்சிருந்த வெப்ளி ஸ்காட் 32 போர் பிஸ்டல், இப்ப லைசென்ஸ் இவர் பேருக்கு வந்துருச்சு, பிடி வெடிச்சுப் போயிருக்கு, புதுசா மரப்பிடி போட்டு நிக்கல் பூசி ட்ரிக்கரையும் லேசாக்கிரலாமான்னு கேக்குறாரு. தம்பி, பிடியை மாத்துங்க, மத்த ரெண்டையும் விட்டுருங்க.

போட்டோ பார்த்தேன், அது 1908 மாடல். 1911ல லண்டன் போலீஸ் எடுத்துக்கிட்ட துப்பாக்கி, 1940 வாக்குல தயாரிப்பே நின்னுருச்சு, அதனால எப்படிப் பார்த்தாலும் 80 வருஷத்துக்கு மேல ஆச்சு. இதுல ஒரு விஷயம் என்னன்னா, வலது பக்கப் பிடியைக் கழட்டுனா உள்ள வி எழுத்து மாதிரி மடிஞ்ச பட்டை ஸ்பிரிங் ஒன்னு இருக்கும், ஸ்லைடு, அதாவது சுடும்போது மேல ஓடுற இரும்புப் பாகம், பின்னாடி போய் திரும்ப முன்னாடி வர்றது அந்த ஸ்பிரிங்காலதான். பிடி வெடிச்சா நம்ம ஊர் உப்புக் காத்து நேரா அங்க போய் உக்காந்துக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில சொல்லவே வேணாம். அதனால முதல்ல அந்த ஸ்பிரிங்ல துரு புள்ளி விழுந்திருக்கான்னு கன்ஸ்மித்தை, அதான் துப்பாக்கி ரிப்பேர் பண்றவரை, பார்க்கச் சொல்லுங்க, பிடியெல்லாம் அப்புறம்.

பிடிக்கு ஈட்டி மரம் (ரோஸ்வுட்) நல்லது, பூவரசும் நல்லா காஞ்சதா கிடைச்சா அருமையா வரும். வெளிய மட்டும் இல்ல, உள்பக்கமும் எண்ணெய் ஏத்தணும், இல்லாட்டி ஈரத்துல உப்பி ஸ்குரு ஓட்டைக்கிட்டயே மறுபடி வெடிக்கும். வலது பக்கத்துல ஸ்பிரிங் அசையுறதுக்கு இடம் விட்டுக் குடையணும், அது கைப்பழக்கம் உள்ள ஆளுதான் செய்ய முடியும்.

நிக்கல் ஏன் வேணாங்கிறேன்னா, பூசுறதுக்கு முன்னாடி பாலிஷ் போட்டுத் தேய்ப்பாங்க, அதுல நம்பரும் முத்திரையும் மழுங்கிரும். ஆயுதச் சட்டம் 1959, 8வது பிரிவுப்படி நம்பரை அழிக்கிறது குத்தம், அது மட்டுமில்ல, அழிஞ்ச துப்பாக்கி யார் கையில இருக்கோ அவருதான் அழிச்சாருன்னு சட்டம் எடுத்துக்கும், இல்லைன்னு நிரூபிக்கிறது உங்க பாடு. அதோட பூச்சு ஒரு இடத்துல பேந்துச்சுன்னா உப்பு அடியில போய் தின்னுரும். இருக்குற கருநீலப் பூச்சே போதும், தொட்டு முடிச்சதும் துடைச்சு லேசா கன் ஆயில் தடவி வைங்க. தோல் உறையில மட்டும் போட்டு வைக்காதீங்க தம்பி, தோல் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், அலமாரியில கெட்டுப்போன நல்ல துப்பாக்கி பாதி இதுலதான் கெட்டுச்சு.

ட்ரிக்கர், கையே வைக்க வேணாம். குண்டை வெடிக்க வைக்கிற சுத்தியலைப் பிடிச்சு நிறுத்துற உள் விளிம்பு ஏற்கனவே தேஞ்சிருக்கும், அதை அரம் போட்டா மேல இருக்குற கெட்டியான இரும்புப் படலம் போயிரும், அப்புறம் தட்டுனாலே சுத்தியல் விழும், வீட்டுல புள்ளைங்க இருக்காங்கள்ல.

வேலைக்குக் குடுக்குறது லைசென்ஸ் உள்ள கடையாத்தான் இருக்கணும், தெரிஞ்ச லேத் பட்டறைன்னு குடுத்துராதீங்க. ரசீதுல துப்பாக்கி நம்பரை எழுதி வாங்குங்க, வெடிச்ச பழைய பிடியையும் கேட்டு வாங்கி பத்திரமா வைங்க, ஒரிஜினல் அது.