1469 கல்யாணத்தோடு அரகோன் ராஜ்ஜியம் முடிந்துவிட்டதா? சந்தேகங்களுக்கு விளக்கம்

கேள்வி: "ஃபெர்டினான்டும் இசபெல்லாவும் 1469ல் கல்யாணம் செய்துகொண்டதும் ஸ்பெயின் ஒரே நாடாகிவிட்டது என்று பள்ளியில் படித்தோம். அப்படியானால் அரகோன் ராஜ்ஜியத்தின் கதை அன்றோடு முடிந்ததுதானே? இன்று அதில் மிச்சம் ஏதாவது இருக்கிறதா?"

முடியவில்லை. அதற்குப் பிறகும் 238 வருடம் அந்த ராஜ்ஜியம் தனியாகவே இருந்தது. நம் பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் தாண்டிப் போகிற இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சரி, அந்தக் கல்யாணத்திலிருந்தே தொடங்குவோம். மாப்பிள்ளைக்கு வயது 17, பெண்ணுக்கு 18. ஃபெர்டினான்ட் அரகோன் இளவரசர், இசபெல்லா பக்கத்து ராஜ்ஜியமான காஸ்டீலின் இளவரசி. பெண்ணின் அண்ணன், காஸ்டீல் அரசர், இதற்குச் சம்மதிக்கவில்லை. அதனால் மாப்பிள்ளை, வியாபாரிகளோடு வரும் வேலையாள் போல வேஷம் போட்டுக்கொண்டுதான் எல்லை தாண்டி வந்தார். இருவரும் நெருங்கிய உறவு என்பதால் போப்பின் அனுமதி வேண்டும். கல்யாணத்தன்று காட்டிய அனுமதிக் கடிதம் போலி! உண்மையான அனுமதி 1471ல்தான் வந்து சேர்ந்தது.

இசபெல்லா 1474ல் காஸ்டீலுக்கு அரசியானார். ஃபெர்டினான்ட் 1479ல் அரகோனுக்கு அரசரானார். இணைந்தது அவ்வளவுதான். சட்டம் வேறு, நாணயம் வேறு, வரி வேறு, சபை வேறு. இரண்டு கடைக்கு ஒரே முதலாளி வந்த மாதிரி, கணக்கு நோட்டு மட்டும் தனித்தனி. காஸ்டீலிலிருந்து அரகோனுக்குச் சரக்கு கொண்டுபோனால் நடுவில் சுங்கச்சாவடி. 18ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகும் அந்தச் சாவடிகள் இருந்தன.

இணைப்பு எவ்வளவு பலவீனமானது என்று தெரிய வேண்டுமா? 1504ல் இசபெல்லா இறந்தார். காஸ்டீல் மகள் ஹுவானாவுக்குப் போனது. அதுவரை காஸ்டீலில் அரசர் என்று அழைக்கப்பட்ட ஃபெர்டினான்ட், மருமகன் வந்து இறங்கியதும் மூட்டை கட்டிக்கொண்டு அரகோனுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பிரெஞ்சு அரசரின் உறவுப் பெண்ணான ஜெர்மேனை மறுமணம் செய்துகொண்டிருந்தார். 1509 மே 3 அன்று அவர்களுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. ஹுவான் என்று பெயர் வைத்தார்கள். சில மணி நேரத்தில் குழந்தை இறந்துவிட்டது. அது பிழைத்திருந்தால் அரகோன் அந்தப் பிள்ளைக்குப் போயிருக்கும், காஸ்டீல் ஹுவானாவிடம் நின்றிருக்கும். ஸ்பெயின் உருவானதற்குப் பெரிய தொலைநோக்குத் திட்டம் இருந்தது என்று யாராவது சொன்னால் இந்தத் தேதியை ஞாபகப்படுத்துங்கள்.

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். அரகோன் 1035ல், பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே உள்ள பிரனீஸ் மலை அடிவாரத்தில் ஒரு சின்ன ராஜ்ஜியமாகத் தொடங்கியது. 1118ல் முதலாம் அல்ஃபோன்சோ சரகோசா நகரத்தை முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து பிடித்தார். போர்க்களத்தில் கில்லாடி, ஆனால் வாரிசு இல்லை. இறக்கும்போது என்ன உயில் எழுதி வைத்திருந்தார் தெரியுமா? மொத்த ராஜ்ஜியத்தையும் ஜெருசலேமைச் சேர்ந்த மூன்று மத அமைப்புகளுக்கு, டெம்ப்ளர் வீரர்கள் உட்பட, எழுதிக் கொடுத்துவிட்டார். 1134ல் அவர் இறந்ததும் பிரபுக்கள் அந்த உயிலை ஓரமாக வைத்துவிட்டு, மடத்தில் துறவியாக இருந்த அவர் தம்பி ரமீரோவைக் கூட்டி வந்து முடிசூட்டினார்கள். துறவி கல்யாணம் செய்துகொண்டார், பெத்ரோனிலா என்ற பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது, 1137ல், பார்சிலோனா கோமகன் ரமோன் பெரங்கேருக்கு நிச்சயம் செய்துவிட்டு, வந்த வேலை முடிந்தது என்று மடத்துக்கே திரும்பிவிட்டார்.

போன வாரம் ஒருவர், "கட்டலோனியா அரகோனின் ஒரு மாகாணமா?" என்று கேட்டிருந்தார். விடை இங்கேதான் இருக்கிறது. மாகாணம் இல்லை. அந்த நிச்சயத்தால் அரகோன் ராஜ்ஜியமும் பார்சிலோனா கோமகனின் நாடான கட்டலோனியாவும் ஒரே குடும்பத்தின் கைக்கு வந்தன, ஆனால் இரண்டும் தத்தம் சட்டத்தோடு இருந்தன. பின்னால் முதலாம் ஹைமே 1229ல் மயோர்காவில் இறங்கினார், 1238ல் வலென்சியா நகரத்தைப் பிடித்தார். வலென்சியாவை அரகோனோடு ஒட்டாமல் தனி ராஜ்ஜியமாக வைத்தார். 1282ல் சிசிலி, அடுத்த நூற்றாண்டில் சார்டீனியா, 1442ல் நேப்பிள்ஸ் என்று கடல் தாண்டி விரிந்தபோதும் இதே பாணிதான். ஆக, 1469ல் காஸ்டீலோடு நடந்தது அரகோன்காரர்களுக்குப் புதிய விஷயம் இல்லை. ஒரு அரசருக்குப் பல நாடு, ஒவ்வொன்றுக்கும் அதன் சட்டம். முந்நூறு வருடமாக அவர்களுக்குப் பழகிய ஏற்பாடு இது.

அந்தச் சட்டத்துக்குக் காவலாக ஹுஸ்திசியா என்று ஒரு பதவி இருந்தது. அரசருக்கும் மக்களுக்கும் நடுவே நிற்கும் தலைமை நீதிபதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 15ஆம் நூற்றாண்டிலிருந்து அரசர் தன் இஷ்டத்துக்கு அவரை நீக்க முடியாது. அரச அதிகாரிகள் ஒருவரைப் பிடித்துச் சித்திரவதை செய்வார்கள் என்ற பயம் இருந்தால், அந்த ஆள் ஹுஸ்திசியாவின் பாதுகாப்பைக் கேட்கலாம். கேட்டுவிட்டால் அவரை அரசரின் சிறையில் வைக்க முடியாது. அதற்கென்றே சரகோசாவில் தனிச் சிறை இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இப்படி ஒரு ஏற்பாடு லேசான விஷயம் இல்லை.

இதற்குச் சோதனை வந்தது 1590ல். அப்போது காஸ்டீல், அரகோன் இரண்டுக்கும் அரசராக இருந்த இரண்டாம் பிலிப்பின் செயலாளர் அந்தோனியோ பெரெஸ், ஒரு கொலை வழக்கில் சிக்கி, காஸ்டீல் காவலிலிருந்து தப்பி அரகோனுக்குள் ஓடி வந்தார். அவர் குடும்பம் அரகோன் வழி வந்தது. வந்ததும் ஹுஸ்திசியாவின் பாதுகாப்பைக் கேட்டார். அரசரால் தொட முடியவில்லை! பாதி உலகை ஆண்டவர், தன் சொந்த நாட்டுக்குள் இருக்கும் ஒரு கைதியை இழுத்து வர வழியில்லாமல் தவித்தார்.

அப்புறம் ஒரு குறுக்கு வழி கிடைத்தது. காஸ்டீல், அரகோன் இரண்டிலும் செல்லுபடியாகும் ஒரு அமைப்பு மத விசாரணை மன்றம், அதாவது இன்குவிசிஷன். பெரெஸ் மேல் மத விரோதக் குற்றம் சாட்டி, 1591 மே 24 அன்று அவரை இன்குவிசிஷன் சிறை இருந்த அல்ஹஃபேரியா அரண்மனைக்கு மாற்றினார்கள். ஊரே தெருவில் இறங்கியது. அரசரின் ஆள் அல்மெனாரா பிரபுவுக்கு விழுந்த அடியில் உயிரே போயிற்று. பெரெஸைப் பழைய சிறைக்கே திருப்பி அனுப்பினார்கள். செப்டம்பரில் மறுபடி மாற்ற முயன்றபோது மறுபடி கலவரம். இந்த முறை கூட்டமே அவரை விடுவித்துவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து ஹுஸ்திசியா இறந்து, அவர் மகன் ஹுவான் தெ லனூசா பதவிக்கு வந்திருந்தார். இருபதுகளில் இருந்த இளைஞர். காஸ்டீல் படை எல்லை தாண்டி வருவது அரகோன் சட்டத்துக்கு விரோதம் என்று அறிவித்து, எதிர்க்க ஆள் திரட்டினார். பெரிதாக யாரும் வரவில்லை. நவம்பரில் படை சரகோசாவுக்குள் நுழைந்தது. பெரெஸ் பிரான்சுக்குத் தப்பிவிட்டார். டிசம்பர் 20 அன்று லனூசாவின் தலையை வெட்டினார்கள், விசாரணையே இல்லாமல். என்னைக் கேட்டால், பெரெஸ் ஒன்றும் தியாகி இல்லை. தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு நாட்டின் சட்டத்தைக் கேடயமாகப் பிடித்தவர். அதற்கு விலை கொடுத்தது லனூசா.

அப்போதும்கூட பிலிப் அரகோனின் சட்டத்தை ஒழிக்கவில்லை. அடுத்த வருடம் சபையைக் கூட்டி, ஹுஸ்திசியாவை அரசர் நீக்கலாம் என்பது போன்ற திருத்தங்களோடு நிறுத்திக்கொண்டார். ஒழித்தவர் ஐந்தாம் பிலிப். ஸ்பெயின் அரியணை யாருக்கு என்று நடந்த வாரிசுப் போரில் அரகோன் அவருடைய எதிரியின் பக்கம் நின்றது. அல்மான்சாவில் வென்ற கையோடு, 1707 ஜூன் 29 அன்று, அரகோன், வலென்சியா இரண்டின் சட்டங்களும் ரத்து என்று ஆணை போட்டார். உங்கள் கேள்விக்கான முடிவுத் தேதி அதுதான்.

சரி, இன்று என்ன மிச்சம்? மஞ்சளில் நான்கு சிவப்புப் பட்டை போட்ட பழைய அரச சின்னம் அரகோன், கட்டலோனியா, வலென்சியா, பலேரிக் தீவுகள் நான்கின் கொடியிலும் இருக்கிறது. ஹுஸ்திசியா பதவி திரும்ப வந்துவிட்டது, இப்போது மக்களின் புகார்களை விசாரிக்கும் அலுவலகமாக. அரகோன் சட்டமன்றம் கூடுவது அந்த அல்ஹஃபேரியா அரண்மனையில்.

ஆனால் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. 1711ல் ஐந்தாம் பிலிப், தனி மனிதர்களுக்கு இடையிலான வழக்குகளுக்கு மட்டும் அரகோனின் பழைய சட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். வலென்சியாவுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அந்தச் சட்டம் புதுப்பிக்கப்பட்டு இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன்படி தம்பதியில் ஒருவர் இறந்தால், மற்றவருக்கு அவருடைய சொத்து முழுவதையும் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை உண்டு. சொத்து பிள்ளைகள் பெயருக்குப் போகலாம், அம்மாவை வீட்டை விட்டுக் கிளப்ப முடியாது. ஸ்பெயினின் பொதுச் சட்டத்தில், பிள்ளைகள் இருந்தால், இந்த உரிமை மூன்றில் ஒரு பங்குக்குத்தான். அரகோன் சட்டத்துக்கு உட்பட்ட கணவர் தன் பெயரில் உள்ள வீட்டை விற்கப் போனால்கூட, மனைவி அந்த உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாரா என்று பத்திரம் எழுதும் இடத்தில் கேட்பார்கள்.