சும்மா கிடக்கிற மூலை

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுத்தோட்டம் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். தோட்டம் முழுக்கப் பேச இந்த நேரம் போதாது, அதனால் ஒரே ஒரு மூலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

எந்த மூலை என்று உங்களுக்கே தெரியும். வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லையும் தாண்டி, மதில் இரண்டும் சேருகிற இடம். பழைய வீட்டைப் பிரித்தபோது இறக்கின ஓடு, புது வீட்டுக்கு வாங்கி மிஞ்சின செங்கல், கதம்பை என்கிற தேங்காய் மட்டைக் குவியல், கைப்பிடி போன வாளி, என்றைக்காவது உதவும் என்று வைத்த பைப்புத் துண்டுகள். 15 அடிக்கு 20 அடி என்று வைத்தால்கூட 300 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி சொச்சம், ஆக முக்கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ நாகர்கோவில் பக்கத்திலோ சென்ட் என்ன விலை போகிறது என்று நான் சொல்லவேண்டியதில்லை. அந்த விலை மண்ணைத்தான் உடைந்த ஓட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

தோட்டம் ஒழுங்குபண்ணித் தரச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, அந்த மூலையில் என்ன செடி வைக்கலாம் என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: அங்கே யார் போவார்கள், எதற்குப் போவார்கள்? பெரும்பாலும் பதில் வராது. மூலை பாழாய்க் கிடப்பது செடி இல்லாததால் என்று நினைக்கிறோம். செடி வைத்தும் பாழாய்ப்போன மூலைகளை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். அங்கே போக யாருக்கும் ஒரு வேலையும் இல்லை, அதுதான் காரணம். போகாத இடத்துக்குத் தண்ணீரும் போகாது, கண்ணும் போகாது, குரோட்டன்ஸ் வாங்கி நட்டால் அது காய்ந்ததுகூட ஓணம் கழிந்துதான் தெரியவரும்.

தக்கலைப் பக்கம் ஒரு வீடு. அங்கே இருந்த அம்மச்சி நான் அந்தப் பக்கம் நடந்ததுமே, "மக்களே, அங்கன போவாத, அணலி கெடக்கும்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை, ஓட்டுக் குவியலும் கதம்பையும் சேர்ந்தால் எலி வரும், எலி வந்தால் பாம்பும் வரும். ஆனால் காலை பத்து மணியிலிருந்து அங்கேதான் நல்ல வெயில். துணியோ வீட்டின் வடக்குப் பக்கம் இடுக்கில், பாதி நாள் நிழலில் காய்ந்துகொண்டிருந்தது. துணிக்கொடியை அந்த மூலைக்கு மாற்றினோம், அவ்வளவுதான். நைலான் கயிறும் இரண்டு கொக்கியும்தான் செலவு. காலையில் துணி போட ஒருவர், சாயங்காலம் எடுக்க ஒருவர் என்று அந்த வீட்டில் தினமும் இரண்டு தடவை ஆள் போக ஆரம்பித்தார்கள். போகிறவர்கள் சும்மா வருவார்களா, கையோடு நாலு களையைப் பிடுங்குவார்கள், வாடின செடிக்கு ஒரு கப் தண்ணீர் ஊற்றுவார்கள், கறிவேப்பிலை ஒடித்துக்கொண்டு வருவார்கள். உங்கள் வீட்டில் அது கோழிக்கூடாக இருக்கலாம், அடுக்களைக் கழிவு போடுகிற உரக்குழியாக இருக்கலாம், தினமும் பறிக்கிற பிச்சிக்கொடியாக இருக்கலாம். தினசரி வேலை ஒன்றை அங்கே கொண்டுபோய் வையுங்கள், செடியெல்லாம் அப்புறம்.

வெயிலைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அதில் நம்ம ஊருக்கு என்று ஒரு விசேஷம் இருக்கிறது. நாம் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து 8 டிகிரி வடக்கே. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உச்சி வெயில் நமக்கு வடக்கே இருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. அதனால் மதிலும் வீடும் ஆனி, ஆடியில் தெற்கே நிழல் போடும், மார்கழி, தையில் வடக்கே போடும். ஒரு மாதத்தில் பார்த்துவிட்டு இது நிழல் மூலை என்று முடிவுகட்ட வேண்டாம். வீட்டில் வயதானவர்களைக் கேளுங்கள், எந்த மாதம் எங்கே நெல் காயப்போட்டோம், எங்கே மிளகு காயப்போட்டோம் என்று அவர்களுக்கு நினைவிருக்கும்.

சரி, கையில் 5000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான் என்றால் செடிக்கு அதில் பெரிதாக எதுவும் ஒதுக்கமாட்டேன். ஒரு ஆளின் ஒரு நாள் கூலி ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, இடத்தைக் காலிபண்ண ஒரு ஆள் வேண்டும், அந்தக் காசைக் கணக்குப் பார்க்காமல் கொடுங்கள். குவியலை வீட்டுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து மதில் பக்கமாகப் பிரித்துக்கொண்டு போகவேண்டும், உள்ளே எது இருந்தாலும் அது வீட்டுப் பக்கம் ஓடுவது குறையும். பகலில் மட்டும், காலில் பூட்ஸ், கையில் உறை, முதலில் நீளக் கம்பால் தட்டிவிட்டு அப்புறம் கை. பிரிக்கும்போதே முழு ஓடு ஒரு அடுக்கு, உடைந்தது ஒரு அடுக்கு, செங்கல் ஒரு அடுக்கு என்று வைத்துவிட்டால் பாதிச் சாமான் அங்கேயே கிடைத்துவிடும். முழு ஓட்டைச் செங்குத்தாகப் பாதி அளவு மண்ணில் புதைத்தால் பாத்திக்கு வரப்பு ஆயிற்று. இதற்கென்று பிளாஸ்டிக்கில் வேலி விற்கிறார்கள், அது நமக்கு வேண்டாத வேலை.

மிச்சக் காசு பாதைக்கு. மழைக்காலத்தில் சகதியை மிதித்துக்கொண்டு யாரும் போகமாட்டார்கள், நமக்கோ மழை இரண்டு தடவை, தென்மேற்குப் பருவமழையான இடவப்பாதி ஒன்று, வடகிழக்குப் பருவமழையான துலாத்து மழை ஒன்று. இரண்டரை அடி அகலம் போதும், இரண்டு கையிலும் வாளி எடுத்துக்கொண்டு நடக்கலாம். அடியில் உடைந்த ஓட்டையும் செங்கலையும் நிரவி இடித்து, மேலே இரண்டு இஞ்ச் பாறைப்பொடி போட்டுத் தண்ணீர் தெளித்துத் தட்டிவிடுங்கள். பக்கத்து மண்ணைவிடப் பாதை கொஞ்சம் உயரமாக நிற்கவேண்டும். 25 அடி நீளப் பாதைக்குப் பாறைப்பொடி பத்துப் பதினோரு கன அடிதான் வரும். வண்டிக்குச் சொன்னால் அதைவிட எவ்வளவோ அதிகம் வந்து வாசலில் குவிந்து நிற்கும், அப்புறம் அதுவே ஒரு புது மூலை ஆகிவிடும். பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் மிச்சம் கேட்டு உரச்சாக்கில் கட்டிக்கொண்டு வாருங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், தரைக்குப் போட்டு மிஞ்சின டைல்ஸை எடுத்து இந்தப் பாதையில் பதிக்கவேண்டாம். ஆனி மாதம் பாசி பிடித்தால் வழுக்கும், அந்த வழியில் போகிறவர் பெரும்பாலும் வீட்டிலேயே மூத்தவராக இருப்பார்.

அடுத்தது தண்ணீர். துணி துவைக்கிற கல்லிலிருந்து மூலை வரை ஒரு சின்ன ஓடை வெட்டினால், அதே தண்ணீரில் இரண்டு மூடு வாழையும் நாலு சேம்பும் வளரும். சோப்புத் தண்ணீர் ஒரே இடத்தில் தேங்கி நின்றால் வேர் அழுகும், அதனால் ஓடைக்கு ஒரு சாய்வு வேண்டும், அவ்வப்போது போக்கை மாற்றிவிடவும் வேண்டும். கீரைக்கும் கொத்தமல்லிக்கும் இதை விடாதீர்கள், அவற்றுக்கு நல்ல தண்ணீர்தான். நிறைய வீடுகளில் செப்டிக் டேங்க் இருப்பதும் இதே மூலையில்தான் என்பதை மறந்துவிடக்கூடாது. அப்படியானால் அதன்மேல் மரம் வேண்டாம், வேர் இறங்கி மூடியையும் சுவரையும் பிளக்கும். தொட்டியோ சாக்கோ வைத்துக் கத்திரி, காந்தாரி மிளகாய் போடலாம், மூடியைத் திறக்கிற இடத்தை மட்டும் விட்டுவிடவேண்டும். கன்னிமூலையாக, அதாவது தென்மேற்கு மூலையாக இருந்தால் அங்கே குழி தோண்டக்கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் அதற்காக மாமியாரோடு சண்டை போடுவது மடத்தனம், உரக்குழியைப் பத்தடி தள்ளி வைத்தால் தீர்ந்தது. கிணற்றை விட்டு மட்டும் நன்றாகத் தள்ளி வையுங்கள், உங்கள் கிணறானாலும் சரி, மதிலுக்கு அந்தப்பக்கத்துக் கிணறானாலும் சரி.

கதம்பையைத் தயவுசெய்து எரிக்காதீர்கள். அந்த மூலையில் தென்னை நின்றால், மூட்டிலிருந்து ஐந்தாறு அடி தள்ளிக் குழி எடுத்து அதில் அடுக்குங்கள். மண்ணுக்குள் அடுக்கும்போது குழிந்த பக்கம் மேலே பார்க்கவேண்டும், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மண்ணுக்கு மேலே மூடாக்காகப் பரப்பினால் அப்படியே தலைகீழ், குழிந்த பக்கம் கீழே. மேலே பார்க்க வைத்தால் ஒவ்வொன்றிலும் மழைத்தண்ணீர் நிற்கும், டெங்குக் கொசுவுக்கு அது தாராளம். சிரட்டை, ரப்பர் பால் பிடிக்கிற கப்பு எல்லாவற்றையும் கவிழ்த்தே வையுங்கள். மணல் பாங்கான கடலோர ஊர்களில் இந்தக் கதம்பை மூடாக்கு இல்லாமல் காரியமே நடக்காது, ஊற்றுகிற தண்ணீர் நேரே கீழே இறங்கிவிடும்.

இனிச் செடி. நம்ம மாவட்டத்தில் பாதிச் செடி காசு கொடுத்து வாங்குவதே இல்லை, கேட்டு வாங்குவதுதான். மரச்சீனி என்கிற மரவள்ளிக் கம்பு, சேம்பு விதை, வாழைக்கன்று, பிச்சிக்கம்பு, நல்லமிளகுக் கொடி எல்லாம் மதிலுக்கு மேலேயே கைமாறும். வாழைக்கன்று கேட்கும்போது இலையைப் பாருங்கள், வாள்போல ஒடுக்கமாக இருக்கிற கன்றைத்தான் எடுக்கவேண்டும். சின்ன வயதிலேயே அகல இலை விட்டு நிற்பது பார்க்கத்தான் லட்சணம், வேகம் இருக்காது. ரகம் என்று கேட்டால் நான் மட்டியைச் சொல்வேன். பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கிற பழம் அது, 2023ல் நம்ம மாவட்டத்தின் பேரில் புவிசார் குறியீடும் கிடைத்தது. அது வீட்டில் நிற்பது ஒரு கவுரவம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கத்துக்காரர்களுக்கு மட்டும் வேறு யோசனை சொல்லவேண்டும், அந்தக் கணவாய்க் காற்றில் உயரமான வாழை முறிந்துவிடும், மதிலின் மறைவில் நட்டு முட்டுக் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் உயரம் போகாத செடியாகப் பார்க்கவேண்டும்.

நிழல் விழுகிற பக்கத்துக்கு மஞ்சள், இஞ்சி, சேம்பு. சேனை என்றால் மாசியிலேயே நட்டுவிடவேண்டும். வெயில் பக்கத்துக்குக் கறிவேப்பிலை, மிளகாய், வெண்டை. நல்லமிளகை நிற்கிற தென்னையிலேயே ஏற்றலாம், அதற்குத் தனி இடம் வேண்டாம். மதிலிலிருந்து வாழை நாலடியாவது தள்ளியிருக்கட்டும், பக்கக்கன்று மதிலடியில் முட்டிக்கொண்டு வரும், இலையும் அடுத்த வீட்டில் சாயும். அந்த வீட்டு அண்ணாச்சியிடம் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது, நம்ம ஊரில் ஒரு வாழையிலைக்காகப் பேச்சை நிறுத்தின குடும்பங்கள் உண்டு.

உட்கார ஒரு இடம் வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுகிறார்கள், நல்ல ஆசைதான். செங்கலை இரண்டு தூணாக அடுக்கி, கிடக்கிற கல்பலகை ஒன்றை மேலே வைத்தால் போதும். தென்னைத் தடியை அறுத்துப் போடுகிறவர்கள் அதைத் தரையில் படாமல் கல்லின்மேல் ஏற்றி வையுங்கள், இல்லையென்றால் நீங்கள் உட்காருமுன் கறையான் உட்கார்ந்துவிடும். ஆனால் தென்னையடியில் மட்டும் வேண்டவே வேண்டாம், பலாவடியிலும் வேண்டாம். நிழல் நன்றாக இருக்கிறதே என்பார்கள். காயும் மட்டையும் நாள் பார்த்து விழுவதில்லை. கொய்யா, நெல்லி, மா இப்படி எதன் அடியிலாவது போடுங்கள்.

வாங்கித்தான் ஆகவேண்டிய ஒட்டுக்கன்றுகளுக்குக் கன்னியாகுமரியில் இருக்கிற அரசு தோட்டக்கலைப் பண்ணையில் முதலில் கேட்டுப் பாருங்கள், ரோட்டோர நர்சரிக்கு அப்புறம் போகலாம். மண்ணில் சந்தேகம் என்றால் திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, மேற்கே இருப்பவர்களுக்குப் பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம். போகும்போது மூலையின் நீள அகலத்தையும், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை வெயில் விழுகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அவர்களுக்குப் பதில் சொல்ல லேசாக இருக்கும். பாதையையும் ஓடையையும் இடவப்பாதிக்கு முன்னால் முடித்துவிடுங்கள், முதல் மழையிலேயே தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும், அதைச் சரிபண்ணிவிட்டுக் கன்று நடலாம்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.