மாநாட்டு மேசையில் ஒருவர், பின்னால் இழுப்பவர்கள் பலர்

(மட்டக்களப்பு நகரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம். காலநிலை மாநாடுகளில் ஒரு நாட்டுக்காகப் பேசுபவரை உள்நாட்டில் இருப்பவர்கள் எப்படிப் பின்னால் இழுக்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

1997 ஜூலையில், புவியைச் சூடாக்கும் வாயுக்களைக் குறைக்கக் கூடிய கியோட்டோ மாநாட்டுக்கு ஐந்து மாதம் முன்பே, அமெரிக்க செனட் ஒரு தீர்மானம் போட்டது: வளரும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு இல்லாத, அல்லது அமெரிக்கப் பொருளாதாரத்தைக் கெடுக்கிற ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடக் கூடாது. 95 பேர் ஆதரவு, எதிர்ப்பு பூச்சியம். கொண்டுவந்த இருவரில் ஒருவரான ராபர்ட் பேர்ட், நிலக்கரி வெட்டும் மேற்கு வெர்ஜீனியாக்காரர். பிறகு கிளின்டன் அரசு கியோட்டோ ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தது. ஆனால் ஒப்புதலுக்காகச் செனட் பக்கம் அதைக் கொண்டுபோகவே இல்லை.

வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் நம் வட்டவிதானைமாரின் பாடும் இதுதானே? சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்று பேசும் கூட்டத்தில் பொறியியலாளருக்குத் தலையாட்டிவிடலாம். வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, திரும்பினால் வயல்காரர் விடமாட்டார்கள்.

ஆட்சி மாறினாலும் நிலைப்பாடு மாறும். பல வருட வறட்சிக்குப் பின் 2007இல் அரசு மாறியதும் ஆஸ்திரேலியா கியோட்டோவை ஏற்றது. 2011இல் கனடா அதிலிருந்து வெளியேறுவதாக அறிவித்தது; அங்கே அல்பேர்ட்டா மாகாணத்தில் எண்ணெய் பிரித்தெடுக்கும் எண்ணெய் மணல் இருக்கிறது.

சரி, இலங்கைக்கு வருவோம். 2021இல் நாம் கொடுத்த வாக்குறுதியைப் பாருங்கள்: 2030க்குள் பசுமைக்குடில் வாயு வெளியேற்றத்தில் சொந்தமாக 4 சதவீதக் குறைப்பு, வெளிநாட்டு உதவி கிடைத்தால் மேலும் 10.5. பெரிய பங்கு அடுத்தவர் கையில். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையமும் சீனக் கடனில் எழுந்ததுதான்.

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரைத்தான் நான் அதிகம் யோசிப்பது. இந்தியாவோடு சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்டுவதாக இருந்தது. இடம்பெயர்ந்து திரும்பிய சனம் எதிர்த்தது, வழக்கும் போனது. 2016இல் அரசு கைவிட்டது. பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தை இலங்கை ஏற்றதும் அதே வருடம். எந்த அழுத்தம் எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் ஊர்ச்சனம் வாய்மூடி இருந்திருந்தால் புகைக்கூண்டு எழும்பியிருக்கும் என்பது என் எண்ணம். 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்தைக் கொழும்பில் இருந்தபடியே தொடக்கிவைத்தவர் இந்தியப் பிரதமர். பங்காளி மாறவில்லை, எரிபொருள்தான் மாறியது.

1978 சூறாவளியைக் கண்டவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். அடிபட்ட ஊர் என்பதற்காக மட்டும் மாநாட்டில் நம் குரல் கேட்காது; கையில் கணக்கு வேண்டும். விவசாய அமைப்புக்காரரிடம் ஒன்று கேட்கிறேன்: 2024 நவம்பர் வெள்ளத்தில் போன வயலின் கணக்கு உங்கள் கையில் எழுத்தில் இருக்கிறதா? இருந்தால் கூட்டம் முடிய என்னிடம் காட்டுங்கள்.