பாலா, வெங்காயமா? வயிற்று வலிக்குக் காரணம் தேடும் முறை

நேயர்களுக்கு வணக்கம்.

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு உப்புகிறது, கடமுடவென்று இரைகிறது, பிசைந்து வலிக்கிறது. இரண்டு தடவை கழிப்பறைக்குப் போய்வந்த பிறகுதான் அடங்குகிறது. மாதக்கணக்கில் இப்படி அவதிப்படுகிறவர்கள் முதலில் பருப்பை நிறுத்துகிறார்கள். அடுத்து பால், அப்புறம் கோதுமை, கிழங்கு. கடைசியில் தட்டில் ரசம் சாதம்தான் மிஞ்சுகிறது, வலியும் போனபாடில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை நிறுத்துங்கள். பிறகு அதையே அளந்து திரும்பச் சேர்த்துப் பாருங்கள். அந்த இரண்டாவது பாதியைச் செய்யாதவரை நம்மிடம் இருப்பது வெறும் ஊகம்.

ஆனால் சிலர் இந்தச் சோதனையில் இறங்கவே கூடாது. மலத்தில் இரத்தம் போகிறவர்கள், காரணமில்லாமல் எடை குறைகிறவர்கள், இரத்தசோகை உள்ளவர்கள், வலியால் தூக்கத்திலிருந்து விழிக்கிறவர்கள், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக இந்தத் தொல்லை தொடங்கியவர்கள், இவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். மேல்வயிற்றிலோ நெஞ்சிலோ இறுக்கம், கூடவே வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி இருந்தால், 'வாயு பிடித்திருக்கிறது' என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

சோதனையைப் பாலில் தொடங்கலாம். பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதை உடைக்கும் லாக்டேஸ் நொதி சிறுகுடலின் உட்சுவரில் உருவாகிறது. குழந்தைப் பருவம் தாண்டியதும் நம்மில் பலருக்கு இந்த நொதி இயல்பாகவே குறைந்துபோகும். உடைபடாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய் அங்கே தண்ணீரை இழுக்கிறது, பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து வாயு உண்டாக்குகின்றன. வலியும் பேதியும் அதனால்தான். கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகு சில வாரங்கள் மட்டும் பால் ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. குடல் ஆறியதும் அது சரியாகிவிடும். பால் குடித்ததும் தடிப்பு, உதடு வீக்கம் வந்தால் அது ஒவ்வாமை. அவர்கள் வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது.

இரண்டு வாரம் பால், தயிர், பன்னீர், பால்கோவா, ஐஸ்கிரீம் எதுவும் வேண்டாம். நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை என்பதால் அதை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு நோட்டில் மூன்று விவரம் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, வலி எத்தனை மணிக்கு. இரண்டு வாரத்தில் வலி துளியும் குறையவில்லையென்றால் பால் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு, அதை மறுபடி குடிக்கலாம். குறைந்திருந்தால் காலை உணவோடு 100 மில்லி வெறும் பால் குடியுங்கள். அதில் சுமார் 5 கிராம் லாக்டோஸ் இருக்கும். காபியாகக் குடித்துச் சோதிக்காதீர்கள். காபியே குடலை முடுக்கிவிடும், பழி பால்மேல் விழும். தொல்லை இல்லையென்றால் ஒருநாள் இடைவெளி விட்டு 200 மில்லி, பிறகு 300. எந்த அளவில் வயிறு முரண்டுகிறதோ அதுதான் உங்கள் எல்லை. நொதி குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை, அதாவது ஒரு டம்ளர் பாலை, சமாளித்துவிடுகிறார்கள். பாலை அடியோடு விட வேண்டியவர்கள் குறைவுதான்.

தயிரில் உள்ள பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன, மீதியை உடைக்கும் நொதியையும் கொண்டுவருகின்றன. ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்த ஒரு டம்ளர் மோரில் லாக்டோஸ் 2 கிராமை ஒட்டித்தான் இருக்கும்.

பால் காரணமில்லையென்றால் அடுத்து வெங்காயம், பூண்டு. சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம் இரண்டிலும் ஃப்ரக்டான் என்ற மாவுப்பொருள் இருக்கிறது. நம் உடலில் அதை உடைக்கும் நொதியே கிடையாது. குடல் எளிதில் கூசுகிறவர்களுக்குத்தான் அது வலியாகிறது. இங்கே பலர் ஏமாறுகிறார்கள். சாம்பாரில் போட்ட வெங்காயத்தைத் தட்டில் ஒதுக்கி வைத்தால் பயனில்லை, ஃப்ரக்டான் தண்ணீரில் கரைந்து குழம்பில் இறங்கியிருக்கும். எண்ணெயில் அது கரையாது. ஆகவே உரித்த முழுப் பூண்டை எண்ணெயில் வதக்கி, பூண்டை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் கிடைக்கும், வயிறும் தப்பும். கொண்டைக்கடலை, மொச்சையால் வரும் வாயுத்தொல்லை குறைய, அவற்றை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள்.

கோதுமை விஷயத்தில் மட்டும் வரிசை மாறும். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படுவது சீலியாக் நோய். அது இருக்கிறதா என்பதை இரத்தப் பரிசோதனை காட்டும். ஆனால் கோதுமையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அதை எடுக்க வேண்டும். நிறுத்திவிட்டு எடுத்தால் நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரலாம். நூறு உணவுகளுக்கு ஒரே இரத்தத்துளியில் ஐஜிஜி (IgG) என்ற எதிர்ப்பொருளைப் பார்த்துத் தருகிறோம் என்ற விளம்பரங்களை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். அந்த எதிர்ப்பொருள் நாம் சாப்பிடும் எதற்கும் உருவாகக்கூடியது, அந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அது சான்றல்ல.

பாலைக் குறைக்கிறவர்கள் கால்சியத்துக்கு வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, எள், முருங்கைக்கீரை எல்லாம் உதவும். வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலை நிறுத்துவதாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நன்றி, வணக்கம்.