விசாரணைக்கு எதற்கு மூடிய உறை?

நடுவர் அவர்களே, அவையில் நிறைந்திருக்கும் சேலத்துப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

உளவு அமைப்புகளின் அத்துமீறல் குறித்த விசாரணையை மறைத்து வைப்பதா, மக்கள் முன் வெளியிடுவதா என்பது இன்றைய வழக்கு. மறைக்கத்தான் வேண்டும் என்று வாதாடிய எதிரணித் தலைவர் ஐயா, ஒற்றாடல் அதிகாரத்தின் கடைசிக் குறளை எடுத்துக்கொண்டு, ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்தாலே மறைபொருள் வெளிப்பட்டுவிடும் என்றால், அவன் தவற்றை ஊரறிய விசாரிப்பது எத்தனை பெரிய கேடு என்று கேட்டார். கைதட்டலும் பெற்றார். அந்தக் குறளுக்கு இரண்டு குறள் முன்னால், ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்துக்கொள் என்றும் வள்ளுவர் சொல்லியிருக்கிறார். ஒற்றனை மறைத்து வை என்றவரே, அவன் சொல்லைச் சோதிக்காமல் ஏற்காதே என்றும் சொன்னார். உளவு வேலை இரகசியமாக நடக்கட்டும். எங்கள் அணி அதை மறுக்கவில்லை. ஆனால், அந்த வேலையின் பெயரால் ஒரு குடிமகனுக்கு இழைக்கப்பட்ட அநீதியை விசாரிப்பது உளவு வேலை ஆகாது. அதற்கு அந்தத் திரை பொருந்தாது.

நாகர்கோவிலில் பிறந்து, இஸ்ரோவில் கிரையோஜெனிக் எஞ்சின், அதாவது மிகக் குளிர்ந்த எரிபொருளில் இயங்கும் ராக்கெட் எஞ்சின், திட்டத்தைக் கவனித்துவந்த நம்பி நாராயணன் அவர்களை, நாட்டின் இரகசியத்தை விற்றார் என்று சொல்லி 1994 நவம்பர் 30 அன்று கேரள போலீசார் கைது செய்தார்கள். மத்திய உளவுத்துறையான ஐ.பி.யின் அதிகாரிகளும் வந்து விசாரித்தார்கள். அந்த விசாரணையில் தம்மைத் துன்புறுத்தினார்கள் என்று அவர் தொடர்ந்து சொல்லிவந்தார். ஐம்பது நாள் சிறையில் இருந்தார். 1996-இல் சிபிஐ, இந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரமே இல்லை என்று நீதிமன்றத்தில் அறிக்கை கொடுத்தது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தக் கைதே தேவையற்றது என்று கூறி, 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதிகாரிகளின் பங்கை ஆராய நீதிபதி டி.கே.ஜெயின் தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது. கைதுக்கும் இழப்பீட்டுக்கும் நடுவே ஏறத்தாழ 24 ஆண்டுகள். எதிரணியினரை நான் கேட்கிறேன்: அத்தனை ஆண்டுகளும் மூடி வைத்துக் காப்பாற்றிய நாட்டு இரகசியம் எது? விற்கப்பட்ட இரகசியம் என்று ஒன்று இருந்ததாகவே நிறுவப்படவில்லை. காப்பாற்றப்பட்டது தவறு செய்தவர்களின் பெயர்தான். அந்த ஜெயின் குழுவின் அறிக்கையும், நீதிபதிகள் மட்டும் படிக்கும்படி, மூடிய உறையில் வந்தது. 2021 ஏப்ரலில் நீதிமன்றம் அதைச் சிபிஐயிடம் கொடுத்து, வெளியிடக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. நீதிமன்றத்தின் மேல் முழு மரியாதை வைத்தே சொல்கிறேன், அந்த அறிக்கையைப் படிக்கும் உரிமை முதலில் அந்த மனிதருக்கும், அடுத்தபடியாக நமக்கும் உண்டு.

மூடிய உறை என்றதும் நம் ஊர் ஜவ்வரிசிதான் என் நினைவுக்கு வருகிறது. சேகோ ஆலையில் கலப்படம் என்று சந்தேகம் வந்தால், உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து மாதிரி எடுக்கிறார். உரிமையாளரின் கண் முன்னாலேயே அதைப் பங்கு பிரித்து, பொட்டலம் கட்டி, நூல் சுற்றி, அரக்கு வைத்து, கையெழுத்து வாங்குகிறார். அங்கேயும் முத்திரை உண்டு. ஆனால், உள்ளே என்ன இருக்கிறது என்பது ஆலைக்காரருக்குத் தெரியும். ஒரு பங்கை வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், பகுப்பாய்வு அறிக்கை தவறென்றால் மேல்முறையீடு செய்யலாம். ஒரு மூட்டை ஜவ்வரிசிக்குக் கிடைக்கிற இந்த நியாயம், உளவுத்துறையின் குறிப்பால் வாழ்க்கை இழந்த மனிதனுக்குக் கிடைக்க வேண்டாமா?

உறையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கும் என்பதற்கும் சான்று உண்டு. கேரளத்தின் மீடியாஒன் தொலைக்காட்சிக்கு 2022-இல் உரிமத்தை மறுத்தபோது, காரணத்தை அந்த நிறுவனத்திடம் சொல்லாமல், நீதிபதிகளிடம் மட்டும் மூடிய உறையில் அரசு கொடுத்தது. 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. ஐ.பி. அறிக்கையில் இருந்தவற்றில் ஒரு பகுதி, ஏற்கெனவே பொதுவெளியில் கிடக்கும் தகவல்களிலிருந்து எடுத்த அனுமானம்தான், அதில் இரகசியம் எதுவுமில்லை என்று தீர்ப்பிலேயே எழுதியது. எல்லாருக்கும் தெரிந்த செய்தியை மூடி எடுத்துச் சென்று, அதற்கு நாட்டின் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஏற்காடு போகும் வழியில், அஸ்தம்பட்டிப் பக்கம், மத்தியச் சிறைச் சுவரைத் தினமும் கடந்து போகிறோம். 1950 பிப்ரவரி 11 அன்று அந்தச் சுவருக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் உயிரிழந்தார்கள். அது உளவுத்துறையின் செயலன்று. அந்த ஆண்டை நான் நினைவூட்டுவதற்குக் காரணம் வேறு. வழக்கு விசாரணை இல்லாமலே ஒருவரை அடைத்துவைக்க அதே 1950-இல் வந்த தடுப்புக் காவல் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, ஒருவரை அடைத்துவைத்ததற்கான காரணங்களை நீதிமன்றத்தில்கூட வெளியிடக் கூடாது என்றது. நம் சென்னை மாகாணத்துக்கு எதிராகக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் தொடுத்த வழக்கில், மே மாதம், அந்தச் சட்டத்தின் மற்றப் பகுதிகளை ஏற்றுக்கொண்ட நீதிபதிகளே 14-ஆம் பிரிவை மட்டும் செல்லாது என்று தள்ளினார்கள். குடியரசு பிறந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, காரணத்தை ஒளிக்காதே என்று சொல்லிவிட்டார்கள்.

வெளியிட்டால் உளவாளிகளின் உயிர் போகும் என்பது எதிரணியின் வலுவான வாதம். அதை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். 1975 டிசம்பரில் ஏதென்ஸ் நகரில், அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் அந்நகர நிலையத் தலைவர் ரிச்சர்ட் வெல்ச் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டதை எடுத்துச் சொல்லி, அப்போது அமெரிக்க உளவு அமைப்புகளின் அத்துமீறல் குறித்து செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு நடத்திய விசாரணையே அதற்குக் காரணம் என்ற பழியையும் இங்கே நினைவூட்டினார்கள். வெல்ச்சின் பெயர் அந்தக் குழுவிடமிருந்து வெளிவரவில்லை. பத்திரிகைகளில் வந்த பெயர் அது. சர்ச் குழு வெளியிட்டது, அமெரிக்க மக்களின் கடிதங்களைச் சிஐஏ பிரித்துப் படித்ததையும், கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கை மிரட்டி, அமெரிக்க உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ பெயரில்லாக் கடிதம் அனுப்பியதையும்தான். இவற்றை மறைத்திருந்தால் எந்த உளவாளியின் உயிர் கூடுதலாகக் காக்கப்பட்டிருக்கும்? ஆளின் பெயரைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு, அவர் செய்த செயலை வெளியிடலாம். நம் நாடாளுமன்றமும் இந்த வழியைத்தான் எடுத்தது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 24-ஆம் பிரிவில் ஐ.பி.க்கும், வெளிநாட்டு உளவைக் கவனிக்கும் ரா அமைப்புக்கும் விலக்களித்த கையோடு, ஊழலும் மனித உரிமை மீறலும் பற்றிய புகார் என்றால் அந்த விலக்கு இல்லை என்றும் எழுதியிருக்கிறது.

மறைக்க விட்டால் மறைவதோடு நிற்காது, அழிந்தும் போகும். மனிதர்களுக்கு அவர்கள் அறியாமலே போதை மருந்து கொடுத்துப் பார்த்த எம்கே அல்ட்ரா திட்டத்தின் கோப்புகளை, 1973-இல் சிஐஏ தலைவரின் உத்தரவின்பேரில் அழித்தார்கள். கணக்குப் பிரிவில் ஒதுங்கிக் கிடந்த ஆவணங்கள் மட்டும், தகவல் கேட்டு வந்த ஒரு மனுவால் 1977-இல் கிடைத்தன.

வெளியிட்டால் நேர்மையான அதிகாரிகளின் மனம் ஒடிந்துவிடும் என்றும் சொன்னார்கள். 1975-இல் இந்திரா காந்தி அரசு அறிவித்த நெருக்கடி நிலை பற்றி நீதிபதி ஷா ஆணையம் டெல்லியில் மக்கள் முன்னிலையில் விசாரித்து, 1978-இல் அறிக்கை கொடுத்தது. உள்நாட்டு நிலைமை நெருக்கடி நிலையைக் கோருகிறது என்று 1975 ஜூன் 12 முதல் 25 வரை ஐ.பி. எந்த அறிக்கையும் உள்துறைக்கு அனுப்பவில்லை என்பதும், அறிவிப்பு வந்ததே அதன் இயக்குநருக்கு மறுநாள் அலுவலகம் போன பிறகுதான் தெரியும் என்பதும் அந்த அறிக்கையில் பதிவாகியிருக்கின்றன. உளவுத்துறை சொல்லாததைச் சொன்னதாகப் பின்னால் யாரும் கதை கட்ட முடியாமல் காப்பாற்றியது, வெளிப்படையாக நடந்த அந்த விசாரணைதான். 1980-இல் ஆட்சி மாறி, இந்திரா காந்தி மீண்டும் பதவிக்கு வந்ததும் அந்த அறிக்கையின் பிரதிகள் காணாமல் போயின. அரசே திரும்ப எடுத்துக்கொண்டது என்று பரவலாகப் பேசப்பட்டது. நம் தமிழ்நாட்டிலிருந்து நாடாளுமன்றம் சென்ற இரா.செழியன் அவர்கள், தம்மிடம் இருந்த ஒரு பிரதியை வைத்து, 2010-இல் அதை மீண்டும் அச்சிட்டுக் கொடுத்தார். நடுவர் அவர்களே, எங்கள் அணியின் சான்றாக அந்தப் பிரதியைத் தங்கள் முன் வைக்கிறேன்.