12 எம்எம்னு குடுத்தாங்க, அளந்தா 11.3! ஏ320 காக்பிட் ஷெல் எழுந்து நின்னாச்சு

வீட்டுல ஃப்ளைட் சிமுலேட்டருக்காக நான் கட்டற ஏர்பஸ் ஏ320 விமானத்தோட காக்பிட் கூடு, பின்னாடி பாருங்க. நிக்குது! போன வீடியோவுல தரையில அடுக்கி வெச்சிருந்த பலகையெல்லாம் மூக்கு, கூரை, ஜன்னல் சட்டம்னு எழுந்து நிக்குது. கடைசி போல்ட்டை நேத்து ராத்திரி முறுக்கினேன், இன்னும் தூக்கமே வரல.

ஆனா அதுக்கு முன்னாடி ப்ளைவுட் கதையைச் சொல்லியே ஆகணும். 12 எம்எம்னு சொல்லிக் குடுத்த ஷீட்டு, வெர்னியர் வெச்சா 11.3. இன்னொரு மூலையில 11.4. எங்கயுமே 12 இல்ல. சதுர அடி 68 ரூபாய், எட்டுக்கு நாலு ஷீட்டுக்கு 2,176 ரூபாய். காசு மட்டும் 12-க்கு! கடைக்காரரைக் கேட்டா, "எல்லாமே இப்படித்தான் தம்பி வருது"ங்கறார். அலமாரி செய்யறவங்களுக்கு அது போதும். நமக்கு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகுற ரிப்பு, அதாவது ஷெல்லோட எலும்புச் சட்டம். ட்ராயிங்ல காடியெல்லாம், அதாவது பலகை சொருகற பள்ளமெல்லாம், 12.2-ன்னு இருந்துச்சு. அதுல 11.3 பலகையைச் சொருகினா கிட்டத்தட்ட ஒரு எம்எம் ஆட்டம். ஒரு காடியில ஒரு எம்எம் பெரிசில்ல. மூக்குல இருந்து பின்சுவர் வரைக்கும் அது சேர்ந்துக்கிட்டே போகும், கடைசியில ஜன்னல் சட்டம் கோணிக்கும். அதனால கம்ப்யூட்டர் ஃபைல் பாத்து வெட்டற சிஎன்சி மெஷினுக்கு ஃபைல் அனுப்பறதுக்கு முன்னாடியே எல்லாக் காடியையும் 11.5-க்கு மாத்திட்டேன். ஒரு பலகை வீணாகல. உளி எடுக்கல, ஆப்பு வைக்கல. ரப்பர் சுத்தியல்ல ரெண்டு தட்டு, டக்குனு உக்காந்துச்சு. அந்தச் சத்தத்தைத் தனியா ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கேன், கேளுங்க.

நல்லா இருக்குல்ல?

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். சிஎன்சியில வெட்டற பிட் உருளை, 6 எம்எம். உள்மூலை வளைஞ்சுதான் வரும், சதுரமான பலகை அடி வரைக்கும் இறங்காது. அதனால ஒவ்வொரு மூலையையும் கொஞ்சம் தாண்டி வெட்டணும், டாக்போன்னு பேரு. ட்ராயிங்லயே போட்டுக் குடுங்க, மெஷின்காரர் போட்டுக்குவார்னு இருக்காதீங்க.

மரநாரை அழுத்திச் செய்யற எம்டிஎஃப் பலகை ஏன் போடல? எனக்கு எம்டிஎஃப் பிடிக்காது. பிடிக்கவே பிடிக்காது. 18 எம்எம் ஷீட்டு ஒண்ணு 40 கிலோ பக்கம் வரும், மாடிக்கு யாரு தூக்கறது? சென்னை ஈரக்காத்துக்கு ஓரம் உப்பிடும், ஓரத்துல ஸ்க்ரூ போட்டா பிளந்துக்கும். 12 ப்ளைவுட் அதுல பாதி வெயிட்டுதான். ஆசாரி அண்ணன் ஐஎஸ் 710 மரைன்தான் வேணும்னு நின்னார். அது தண்ணியில கிடக்கற இடத்துக்கு. அறைக்குள்ள சாதாரண உபயோகத்துக்கான ஐஎஸ் 303 தாராளம்.

போயிங் 737 ஏன் பண்ணலன்னு ஒவ்வொரு வீடியோவுக்கும் கேக்கறீங்க. 737-ல யோக், அதாவது பைலட் பிடிக்கற ஸ்டீயரிங், தரையில இருந்து எழும்பும், ரெண்டு பைலட்டோடதும் சேர்ந்தே அசையணும். அந்த இணைப்பு முழுக்க தரைக்கு அடியில. அப்ப மேடையை உயர்த்தணும், கூரை உயரும், என் ரூம்ல ஃபேன் இடிக்கும். ஏ320-ல சீட்டுக்குப் பக்கவாட்டுல ஜாய்ஸ்டிக் மாதிரி சைடுஸ்டிக், ரெண்டுக்கும் நடுவுல இணைப்பே கிடையாது. மடியில இடம் காலி, முன்னாடி இழுக்கற டேபிள் வேற. எனக்கு இதுதான் அழகு, சண்டைக்கு வாங்க.

"முதல்ல ஸ்விட்ச் பேனல் வாங்கு, ஷெல்லெல்லாம் அலங்காரம்"னு சொல்றவங்களோட நான் ஒத்துப்போகவே மாட்டேன். நிஜ ஏ320-ல முன் ஜன்னலுக்கு நடுக்கம்பத்துல சின்ன உருண்டைங்க இருக்கும். சிவப்பும் வெள்ளையும் ஒண்ணு மேல ஒண்ணு பொருந்தற அளவுக்கு சீட்டை ஏத்தி இறக்கணும். அப்பத்தான் கண்ணு சரியான இடத்துல இருக்கும். தாழ்ந்து உக்காந்தா டேஷ்போர்டு விளிம்பு ரன்வேயில கிட்டக்க இருக்கற பகுதியை மறைச்சிடும், மூடுபனியில இறங்கும்போது அந்தக் கொஞ்சம்தான் தெரியவே தெரியும். தரை தொடறதுக்கு முன்னாடி மூக்கைத் தூக்கற ஃப்ளேரை எப்ப பண்றதுன்னு கண்ணு கணக்குப் போடறதும் அந்த உயரத்துல இருந்துதான். ஷெல் இல்லாம மேசையில மூணு மானிட்டரை வெச்சா இந்தக் கோணம் வரவே வராது. நேத்து நூல் கட்டி, ரெண்டு பாசிமணி ஒட்டி, உக்காந்து பாத்தேன். ஒண்ணை ஒண்ணு மறைச்சது. சென்னை ரன்வே 07-ல சிமுலேட்டருக்கான ஃப்ளைபைவயர் ஏ320-ஐ இறக்கினேன். தொடறது அவ்வளவு மெத்துனு.

அடுத்தது ரெண்டு சீட்டுக்கும் நடுவுல வர்ற பெடஸ்டல். வாங்கறதுக்கு முன்னாடி பேனலோட அகலம் 146 எம்எம் இருக்கான்னு பாருங்க, அதாவது அஞ்சே முக்கால் இன்ச். அதுதான் ஸ்டாண்டர்டு, பேனலை மாட்டற ரெயில்ல ஓட்டை 3/8 இன்ச்சுக்கு ஒண்ணு. ரிச்சி ஸ்ட்ரீட்ல அலுமினிய ரெயில் விலை கேட்டிருக்கேன், வந்ததும் காட்டறேன்.