பொருளாதாரம் எடுத்த பிள்ளைகளுக்கு

(மன்னார்குடி பக்கத்தில் ஒரு கல்லூரியில், இளங்கலைப் பொருளாதாரம் முதலாண்டு வகுப்பில் பேசியது.)

பிள்ளைகளா, பொருளாதாரம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்கள் கை தூக்குங்கள். சரி, நாலு பேர். மற்றவர்கள் வருத்தப்பட வேண்டாம், நானும் இயற்பியல் கேட்டுக் கிடைக்காமல் இந்தப் பக்கம் வந்தவன்தான்.

எனக்கு இந்தப் பாடம் புரிந்தது நெல் களத்தில். இரண்டாமாண்டு படிக்கும்போது குறுவை அறுத்து, கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டிவைத்து அப்பா ஆறு நாள் காத்திருந்தார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள், எங்கள் நெல் 20 காட்டியது, காயவைக்கலாம் என்றால் தினமும் சாயங்காலம் மழை. ஏழாம் நாள் ஒரு வியாபாரி வந்து அரசு விலையைவிட ரொம்பக் குறைத்துக் கேட்டார், அப்பா கொடுத்துவிட்டார். எனக்குக் கோபம் தாங்கவில்லை. ராத்திரி நோட்டை எடுத்து, விலை மாறினால் வாங்குவோர் எவ்வளவு கேட்பார்கள், விற்போர் எவ்வளவு தருவார்கள் என்று காட்ட வகுப்பில் போட்டிருந்த தேவைக்கோடு, அளிப்புக்கோடு இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். முளைவிடத் தொடங்கிய நெல்லை வைத்திருப்பவரால் விலை ஏறும்வரை பொறுக்க முடியாது, வியாபாரியால் முடியும், பேரம் அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. அரசு ஒரு விலையை அறிவித்தால் மட்டும் போதாது, அந்த விலைக்கு எடுக்க ஆளும் சாக்கும் கிடங்கும் வேண்டும். நுண்ணியல் பொருளாதாரம் என்று நீங்கள் முதல் பருவத்தில் படிக்கப்போவது இதைத்தான்: ஒரு குடும்பமும் ஒரு வியாபாரியும் எதைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள், விலை எப்படி அமைகிறது என்று.

அப்புறம் பேரியல் பொருளாதாரம், ஒரு நாட்டின் பொருளாதாரத்தை மொத்தமாகப் பார்ப்பது. 1929-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்ததற்கும் நமக்கும் என்ன என்று தோன்றும். உலகமெங்கும் மந்தம் பரவி, 1930களின் தொடக்கத்தில் தஞ்சாவூர் நெல் விலையும் விழுந்தது, ஆனால் நிலவரி ரூபாயில் நிர்ணயித்தது, அதே கிஸ்தியைக் கட்ட முன்னைவிடக் கூடுதல் நெல்லை விற்க வேண்டியிருந்தது. மேட்டூர் அணை வேலை முடிந்து 1934-இல் தண்ணீர் திறந்தது அந்தக் கஷ்ட காலத்தில்தான். இரண்டு வருஷம் கழித்து, 1936-இல், கெயின்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் தன் புத்தகத்தை வெளியிட்டார். எல்லோரும் ஒரே சமயத்தில் செலவைச் சுருக்கினால் எல்லோருடைய வருமானமும் சுருங்கும், அப்போது அரசாங்கம் செலவு செய்ய வேண்டும் என்பது அவர் வாதம். வேலையின்மை, பணவீக்கம், வட்டி எல்லாம் இந்தக் கிளையில் வரும்.

பொது நிதி, பணமும் வங்கியும், பன்னாட்டு வாணிபம், வளர்ச்சிப் பொருளாதாரம், வேளாண் பொருளாதாரம் எல்லாம் இந்த இரண்டின் மேல் ஏறி வருபவை, இப்போது விவரிக்கவில்லை. உங்கள் அம்மா நகையை வைத்து சொசைட்டியில் பயிர்க்கடன் வாங்கியிருந்தால் வங்கியியலில் பாதியை வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள்.

பிள்ளைகள் பயப்படுவது புள்ளியியலுக்கும் பொருளாதார அளவையியலுக்கும்தான். அதைத் தள்ளிப்போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐத் தாண்டி மேட்டூர் அணை திறந்தால் குறுவைப் பரப்பு குறைகிறது என்று டீக்கடையில் எல்லோரும் சொல்வார்கள். அந்த வருஷம் கோடைமழை எப்படி, போர்வெல் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், போன வருஷ விலை என்ன என்பதும் சேர்ந்துதானே பரப்பைத் தீர்மானிக்கும்? தண்ணீர் தாமதத்தின் பங்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அளவையியல் தெரிய வேண்டும். பிளஸ் டூவில் கணக்கு எடுக்காதவர்கள் சதவீதத்தையும் ஒரு கோட்டின் சாய்வையும் நன்றாகப் புரிந்துகொண்டு வாருங்கள், மிச்சத்தை நாம் சேர்ந்து போட்டுவிடலாம்.

இன்னொன்று. 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் வந்தார். மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, யாரிடம் எவ்வளவு நிலம், எவ்வளவு கடன், கூலி என்ன என்று கேட்டு எழுதிவரச் சொன்னார். 1918-இல் அது புத்தகமானது, அதில் ஒரு ஊர் நம் தஞ்சாவூர் ஜில்லாவின் பாலக்குறிச்சி. சுமார் இருபது வருஷம் கழித்து அதே ஊர்களை மறுபடி போய்ப் பார்த்தார்கள். உங்கள் வயதுப் பிள்ளைகள் எழுதிவந்த கணக்கை இன்றும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் புரட்டுகிறார்கள்.

தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். கொள்முதல் நிலையத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, எத்தனை மூட்டை வந்தது, எத்தனை எடுத்தார்கள், ஈரப்பதம் என்ன காட்டியது, ஒவ்வொருவரும் எத்தனை நாளாகக் காத்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள். திரும்பி வந்ததும் கொடுங்கள், புள்ளியியலை அந்த நோட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம்.